வாடிக்கை: சிறுவணிகரின் தன்மேலாண்மையும் வாய்மொழி விளம்பரமும்



இச்சொற்பொழிவு வரிசையில் எங்களுக்கு முன் பேசியவர்கள் நூல் பல கற்றவர்கள். எங்களுக்குத் தெரிந்த நூல் ஊசியில் கோக்கும் நூல் ஒன்றுதான். கணவனும் மனைவியுமாக நாங்கள் தேக்கா வட்டாரத்தில் இருபத்தேழு ஆண்டுகள் ஒரு தையற்கடை நடத்தினோம். பெண்களுக்கான இரவிக்கை தைப்பதே எங்கள் முதன்மைத் தொழில். இரண்டு தையல் இயந்திரம், ஒரு வெட்டுமேசை, ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்று. கடையின் சொத்து அவ்வளவே. இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பவர் ஒருவராயினும் பேசுபவர் இருவர் என்று கொள்ள வேண்டுகிறோம்.

மொழியை வளர்க்கும் மன்றம் வணிகத்தைப் பற்றிப் பேச அழைப்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இந்நாட்டில் தமிழ் இன்றும் தயக்கமின்றிப் புழங்கும் இடங்களுள் ஒன்று கடை. பூக்கடையிலும் மளிகைக் கடையிலும் மாவு அரைக்கும் இடத்திலும் தமிழ் நாள்தோறும் பேசப்படுகிறது. ஒரு கடை மூடப்படும்போது அங்கே பேசப்பட்ட மொழியும் ஓரளவு மூடப்படுகிறது. ஆகவே சிறு கடைகள் நிலைத்திருப்பது எவ்வாறு என்னும் கேள்வி இம்மன்றத்துக்கும் உரியதே.

தென்கிழக்காசியாவில் தமிழ்ச் சிறுவணிகரின் தடம் மிகப் பழையது. தாய்லாந்தின் தெற்கே, கிராபி மாநிலத்தில், குளோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறிய உரைகல் கிடைத்திருக்கிறது. பொன்னை அக்கல்லின்மேல் உரைத்து, விழும் கோட்டின் நிறத்தைக் கொண்டு அதன் மாற்றை அறிவார்கள். அக்கல்லில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பர். பொற்கொல்லரைப் பத்தர் என்று நாம் இன்றும் அழைக்கிறோம். 'பெரும்பத்தனுடைய கல்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கடல் கடந்து தொழில் செய்ய வந்த ஒருவர், பிறர் பொன்னைச் சோதிக்கும் கருவியின்மேல் தம் பெயரைப் பொறித்து வைத்திருந்தார். அந்தக் கல்லை நாங்கள் இவ்வுரை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

ஒரு சொல்லின் இரு பொருள்

நம் வணிகச் சொற்கள் சில ஆழமானவை. நாணயம் என்னும் சொல் கையில் புழங்கும் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வாடிக்கை என்னும் சொல்லும் அத்தகையதே. வழக்கம் என்பது அதன் ஒரு பொருள். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குவது மற்றொரு பொருள்.

கடைக்கு ஆள் வரவில்லையே என்று கவலைப்படும் வணிகர், இரண்டாம் பொருளை எண்ணியே வருந்துகிறார். எங்கள் அனுபவம் சொல்வது வேறு. முதற்பொருளில் வாடிக்கை நம்மிடம் இருந்தால்தான் இரண்டாம் பொருளில் வாடிக்கை நம்மைத் தேடி வரும். நாம் எதை வழக்கமாகச் செய்கிறோமோ, அதைத்தான் மக்கள் நம்மைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒருநாள் சிறப்பாகச் செய்ததை ஒருநாள் பேசுவார்கள். எந்நாளும் செய்வதை எந்நாளும் பேசுவார்கள். வாய்மொழி விளம்பரம் என்று நாம் தேடித் திரிவது, நம்மை நாம் ஆண்டுகொள்ளும் முறையின் எதிரொலியே ஆகும். இதனை நாங்கள் நூலில் படித்து அறியவில்லை. ஒரு பெண்மணியின் துணியைப் பாழாக்கி அறிந்தோம்.

ஒரு பட்டுத் துணி

கடை தொடங்கிய ஆறாம் ஆண்டு அது. எங்கள் பெயர் பரவத் தொடங்கியிருந்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வாசலில் வரிசை நின்றது. வந்தவர் எவரையும் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. உள்பட்டித் துணி வைத்த ஓர் இரவிக்கையைச் செம்மையாகத் தைக்க மூன்று மணி நேரம் வேண்டும். இருவர் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து தைக்கலாம். நாங்களோ பத்தும் பன்னிரண்டுமாக ஏற்றுக்கொண்டோம். எல்லார்க்கும் ஒரே விடையைச் சொன்னோம்: "வெள்ளிக்கிழமை வாருங்கள், தயாராக இருக்கும்."

நெடுநாளாக எங்களிடம் தைத்துவந்த ஓர் அம்மையார், தம் மகளின் திருமணத்துக்கான கூறைப்புடவையின் இரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து தந்தார். புடவையோடு சேர்த்து நெய்த துணி. அதே கரை, அதே நிறம். கடையில் தேடினால் கிடைப்பதன்று. நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு அதனை வெட்டினோம். அளவு நோட்டின் பக்கம் காற்றில் புரண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் இருந்த வேறொருவரின் அளவுக்கு வெட்டிவிட்டோம். மார்புச் சுற்றில் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது.

தவறு செய்ததைக் காட்டிலும் பெரிய தவறு அதன்பின் செய்தது. நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. கைக்குழியின் கீழே நிறம் ஒத்த வேறு பட்டில் ஒட்டு வைத்துத் தைத்து, அழகாக மடித்து, உறையில் இட்டுக் கொடுத்தோம். அம்மையார் உறையைப் பிரித்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினார். பேசிய கூலியை முழுமையாக எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியேறினார்.

அவர் மீண்டும் வரவில்லை. அவர் தங்கைகள் வரவில்லை. அவர் குடியிருந்த புளோக்கிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோயினர். எவரும் எங்களைக் குறை கூறவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சினத்தோடு வந்து பேசும் வாடிக்கையாளர் நமக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறார். பேசாமல் போகிறவர் நமக்கு எட்டாத இடத்தில் பேசுகிறார்.

அந்த ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, வரிசை நின்ற வாசலுக்கும் கையில் மிஞ்சிய தொகைக்கும் பொருத்தமே இல்லை. கடையை மூடிவிட்டு இருவரும் வேறு வேலை தேடலாமா என்று பேசினோம். மூடுவதற்குமுன் ஓராண்டு எங்களை நாங்களே திருத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அந்த ஓராண்டில் கற்றவற்றையே இனிச் சொல்லப் போகிறோம்.

நாளை ஆளுதல்

முதலில் ஒரு நோட்டு வாங்கினோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தேதி. அதன்கீழ் ஐந்து கட்டங்கள். ஒரு கட்டம் ஓர் இரவிக்கை. நான்கு கட்டங்களை மட்டுமே புதுத் துணிக்கு ஒதுக்கினோம். ஐந்தாவது கட்டம் திருத்த வேலைக்கும் எதிர்பாராத இடையூற்றுக்கும் உரியது. நான்கும் நிரம்பினால் அந்நாள் அடைக்கப்பட்டது. அடுத்து வருபவருக்கு, திறந்திருக்கும் முதல் நாளைக் காட்டுவோம். நோட்டை மேசைமேல் அவர் பார்க்கும்படி விரித்து வைத்தோம். "இயலாது" என்று வாயால் சொல்வது கடினம். நிரம்பிய கட்டத்தைக் காட்டுவது எளிது. பார்ப்பவர்க்கும் அதில் மனக்குறை இல்லை.

இரண்டாவதாக, எங்களால் முடிக்கக்கூடிய நாளுக்கு இரண்டு நாள் கழித்தே ஒப்படைப்புத் தேதியைச் சொன்னோம். சனிக்கிழமை தருவதாகச் சொல்லி வியாழனன்று முடித்துவைத்தால் நம் மனம் அமைதியாக இருக்கும். வியாழன் என்று சொல்லிச் சனிக்கிழமை தந்தால், அதே உழைப்புக்குக் கெட்ட பெயர் கிடைக்கும். உழைப்பில் வேறுபாடு இல்லை. சொன்ன சொல்லில்தான் வேறுபாடு.

மூன்றாவதாக, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடுவதில்லை என்று விதி வைத்தோம். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதைச் சேர்க்க இயலாது. ஆகவே வெட்டும் வேலை அனைத்தும் காலையில். களைத்த கை செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன: கொக்கி தைத்தல், நூல் பிசிறு நீக்கல், இஸ்திரி போடுதல். அவை மாலைக்கு. எந்தத் தொழிலிலும் திருப்பிப் பெற முடியாத செயல் ஒன்று உண்டு. சமையற்காரருக்கு உப்பு இடுவது. அச்சகத்தாருக்குப் பிழை திருத்திய படியை இயந்திரத்துக்கு அனுப்புவது. கணக்கருக்குப் படிவத்தில் கையொப்பம் இடுவது. அச்செயலை நாளின் தெளிவான வேளையில் வைத்துக்கொள்வதே காலத்தை ஆளுதல்.

வாரத்தில் ஒருநாள் கடையை அடைத்தோம். அந்நாளில் வந்து திரும்பியவர்களால் எவ்வளவு இழந்தோம் என்று முதலில் வருந்தினோம். சில மாதங்களில் திருத்த வேலைக்கு வரும் துணிகள் குறைந்ததைக் கண்டோம். ஐந்தாவது கட்டம் பலநாள் வெறுமையாகவே நின்றது. ஓய்வு நாளின் கூலி அங்கிருந்து வந்தது.

பணத்தை ஆளுதல்

மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகளைப் பற்றி மூத்தவர்கள் அறிவார்கள். நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை. அன்றாட வரவுசெலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்துச் சரிபார்ப்பார்கள். கணக்கு நேராகாமல் நாள் முடிவதில்லை. பெட்டியடிப் பையனாக வந்து சேரும் சிறுவன் அந்த ஒழுங்கைப் பார்த்தே தொழில் கற்றான். இடம் சிறிதாக இருந்ததற்காகக் கணக்கு சிறிதாகிவிடவில்லை.

எங்கள் கடையில் கல்லாப்பெட்டியும் குடும்பப் பணமும் ஒன்றாகவே கிடந்தன. மீன் வாங்கவும் அதிலிருந்துதான் எடுப்போம்; நூற்கண்டு வாங்கவும் அதிலிருந்துதான். திருத்தத்தின் முதற்படியாக, எங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம் குறித்தோம். அதற்குமேல் வீட்டுக்குக் காசு போகாது. முன்பணமாக வாங்கியதைத் தனிப் பெட்டியில் இட்டோம். ஒப்படைக்கும் நாள்வரை அது வாடிக்கையாளரின் பணம். அதைச் செலவழித்தவர், நெருக்கடியில் புதிய முன்பணத்துக்காகவே புதிய வேலையை ஏற்பார். பழைய வேலை தாமதமாவது அங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் பன்னிரண்டு துணிகளை ஏற்றதற்கும் அதுவே உண்மைக் காரணம்.

விலை வைப்பதிலும் எங்களுக்குத் தெளிவில்லை. விளங்குவதற்காக ஒரு கணக்கைச் சொல்கிறோம். ஓர் இரவிக்கைக்கு 35 வெள்ளி கூலி என்று கொள்வோம். உள்பட்டித் துணி, நூல், கொக்கி ஆகியவற்றுக்கு 5 வெள்ளி. மாத வாடகை 1,300 வெள்ளி. மாதத்தில் 26 நாள், நாளுக்கு 5 என 130 இரவிக்கை. ஆகவே ஒன்றுக்கு வாடகைப் பங்கு 10 வெள்ளி. மின்சாரம், இயந்திரப் பழுது முதலியவற்றுக்கு 2 வெள்ளி. மிஞ்சுவது 18 வெள்ளி. மூன்று மணி நேர உழைப்புக்கு அது. மணிக்கு 6 வெள்ளி. இந்நிலையில், கூட்டம் சேர்க்க வேண்டும் என்று 5 வெள்ளி தள்ளுபடி தந்தால், வாங்குபவர்க்கு அது விலையில் ஏழில் ஒரு பங்கு. நமக்கோ கூலியில் கால் பங்குக்கு மேல் போய்விடும். தள்ளுபடிக்காக வந்தவர் அடுத்த தள்ளுபடி எங்கே என்று தேடிப் போவார். "அங்கே மலிவு" என்னும் சொல் பரவுவது நமக்கு நன்மை செய்வதில்லை.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், தாம் பெறுவதிலும் தருவதிலும் நடுநிலை பிறழாதவர் என்று பட்டினப்பாலை காட்டுகிறது. அந்த நடுநிலை நமக்கு நாமே காட்ட வேண்டிய நடுநிலையையும் உள்ளடக்கும் என்று கருதுகிறோம். தம் கூலியைத் தாமே குறைத்துக்கொண்டவர், விரைவில் வேலையின் தரத்தையும் குறைத்தாக வேண்டியிருக்கும்.

இங்கே சட்டம் கேட்பதையும் நினைவூட்டுகிறோம். சிங்கப்பூரில் வணிகக் கணக்குகளையும் பற்றுச்சீட்டுகளையும் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். சுயதொழில் புரிபவரின் ஆண்டு நிகர வணிக வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். இவற்றை ஆண்டு முடிவில் வரும் தொல்லை என்று கருதாமல், மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பவர் அச்சமின்றி உறங்குவார்.

சொல்லை ஆளுதல்

அளவு நோட்டை மாற்றினோம். ஒவ்வொருவர்க்கும் தனித்தாள், அத்தாளை அவர் துணியோடு குத்தி வைத்தோம். பக்கம் புரளும் வாய்ப்பு நீங்கியது. தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று, கழுத்து இறக்கம் என்பவற்றின்கீழ், அவர் வாயால் சொன்னதையும் எழுதினோம்: "சென்ற முறை கை பிடித்தது", "கழுத்து சற்று மேலே வேண்டும்", "பேரன் பெயர் சூட்டு விழாவுக்கு". அடுத்த முறை அவர் வரும்போது அதைப் பார்த்துப் பேசுவோம். நம் பேச்சை ஒருவர் நினைவில் வைத்திருந்தார் என்பதைவிட மனிதர்க்கு மகிழ்ச்சி தருவது குறைவு.

மற்றொரு விதி: தாமதம் நேருமானால், அவர் கேட்பதற்குமுன் நாங்கள் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் மூன்று நாள் பின்னுள்ள பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். ஐயம் இருந்தால் அப்போதே தொலைபேசியில் அழைப்போம்.

சில ஆண்டுகளுக்குப் பின் அந்த விதிக்குச் சோதனை வந்தது. ஒரு பட்டு இரவிக்கையை இஸ்திரி போடும்போது முதுகுப்புறம் கருகிவிட்டது. பழைய நாள் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே அழைத்துச் சொன்னோம். எதிர்முனையில் இருந்தவர் சினந்து பேசினார். அச்சினத்துக்கு நாங்கள் உரியவர்களே. மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு சிராங்கூன் சாலைத் துணிக்கடைகளில் ஏறி இறங்கி, புடவையின் முந்தானை நிறத்துக்கு இசைவான வேறு பட்டை அவர் விருப்பப்படியே வாங்கினோம். துணியின் விலை எங்களுடையது, தையற்கூலி பெறவில்லை. போகும்போதும் அவர் முகம் தெளியவில்லை. இவரும் போய்விட்டார் என்றே எண்ணினோம்.

இரண்டு மாதம் கழித்து, அவரோடு பணிபுரியும் ஒருவர் துணியோடு வந்தார். எப்படி எங்களை அறிந்தீர்கள் என்று கேட்டோம். "அவர்கள் தவறு செய்தால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள் என்றார்" என்று விடை வந்தது. எங்கள் தவற்றையே அவர் எங்களுக்குரிய சான்றாக எடுத்துச் சென்றிருந்தார்.

செய்தி செல்லும் வழி

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டுத் தாளில் எழுதத் தொடங்கினோம். செலவில்லாத ஆய்வு அது. ஆண்டு முடிவில் அப்பெயர்களை வரிசைப்படுத்தினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆறேழு பெயர்களின் வழியே வந்திருந்தனர். அவர்களில் எவரும் செல்வரல்லர், ஊரறிந்த பெரியவருமல்லர். ஒருவர் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஒருவர் தாதி. ஒருவர் கோயில் மடைப்பள்ளியில் தொண்டு செய்பவர். பலரோடு நாள்தோறும் பழகுபவர்கள். கேட்டால் மட்டும் கருத்துச் சொல்பவர்கள். விளம்பரத்துக்காக நாங்கள் மதித்து வரவேற்றவர்கள் வேறு சிலர். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை.

பிற்காலத்தில் ஓர் ஆய்வைப் பற்றி அறிந்தோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டெக்கேட்டர் நகரில் பெண்களிடையே நடத்திய ஆய்வினை எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்டு இருவரும் 1955இல் நூலாக வெளியிட்டனர். வீட்டுப் பொருள் வாங்குவதிலும் உடை தேர்விலும் பிறர் கருத்தை மாற்றக்கூடியவர்கள் மேல்தட்டில் இல்லை. தம்மைப் போன்ற நிலையினரிடையே கலந்து வாழ்பவர்களே என்று அந்நூல் காட்டிற்று. எங்கள் தாள்களும் அதையே சொல்லின.

அந்த ஆறேழு பேருக்கு என்ன செய்வது? ஆள் அனுப்பினால் ஐந்து வெள்ளி என்று அறிவிக்கலாம் என ஒரு நண்பர் கூறினார். நாங்கள் அதைச் செய்யவில்லை. சொல்லுக்குக் காசு கொடுத்தால் சொன்னவர் தரகராகிவிடுவார். அவர் சொல்லைக் கேட்பவர்க்கும் அது தெரிந்துவிடும். மாறாக, நம்மிடம் கொசுறு என்னும் நல்ல வழக்கம் இருக்கிறது. அவர்கள் அடுத்த முறை வந்தபோது புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்து, "நீங்கள் அனுப்பிய அம்மா வந்தார்கள், நன்றி" என்று மட்டும் சொன்னோம்.

எவரும் நம்மைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு சிறு தொடர் வேண்டும். "தரமான சேவை, நியாயமான விலை" என்பதை எவரும் பக்கத்து வீட்டாரிடம் சொல்வதில்லை. "சொன்ன நாளில் தருவார்கள்" என்பதைச் சொல்வார்கள். ஒவ்வொரு கடைக்காரரும் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்: மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இருவர் நம்மைப் பற்றிப் பேசினால் எந்த மூன்று சொற்களைச் சொல்வார்கள்? அச்சொற்கள் உண்மையாக நாம் என்ன செய்ய வேண்டும்?

மேலும் இரண்டு வழக்கங்கள் பயன் தந்தன. எங்களுக்குக் கைவராத வேலையைத் துணிந்து பிற கடைக்கு அனுப்பினோம். ஆடவர் உடைக்கு அருகிலிருந்த மற்றொரு தையற்காரரைக் காட்டினோம். அவர் பெண்கள் உடைக்கு எங்களைக் காட்டினார். அடுத்து, ஒப்படைக்கும்போது பாராட்டை எதிர்பார்ப்பதை நிறுத்தினோம். அந்நேரத்தில் எவரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து, "உடுத்திப் பார்த்தீர்களா? எங்கேனும் பிடிக்கிறதா?" என்று கேட்டோம். குறைகள் அப்போது வெளிவந்தன. நம் காதுக்கு வந்த குறை, ஊரார் காதுக்குப் போகாமல் நின்றுவிடும்.

கைப்பேசிக் காலத்தில்

இன்று வாய்மொழி வாட்ஸ்அப் குழுவிலும் கூகல் மதிப்புரையிலும் நடமாடுகிறது. வேகம் கூடியிருக்கிறது, இயல்பு மாறவில்லை. இளைய வணிகர்க்கு மூன்று சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

அளவு எடுக்கும்போது பெற்ற தொலைபேசி எண்ணை விளம்பரம் அனுப்புவதற்கு ஒப்புதலின்றிப் பயன்படுத்தாதீர்கள். 2014 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இல்லாவிடினும் அது பண்பன்று. உறவினரைக் கொண்டு பொய்யான பாராட்டை எழுதுவிக்காதீர்கள். ஒட்டு வைத்த இரவிக்கை போன்றது அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். குறை கூறி எழுதியவர்க்கு, தற்காத்துக்கொள்ளும் மொழியில் விடை எழுதாதீர்கள். நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, செய்யப்போவதைச் சொல்லி, செய்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். அவ்விடையை அவர் ஒருவர் மட்டும் படிப்பதில்லை.

நிறைவாக

இவை அனைத்தையும் நாளையே தொடங்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஐந்து கட்டங்களும் போதும். மற்றவை அதன் பின்னே வரும். எங்கள் கடை அந்த ஓராண்டுக்குப் பிறகு மேலும் இருபது ஆண்டுகள் நடந்தது. பெரிதாக வளரவில்லை, கடன் இல்லை, பிள்ளைகள் படித்தார்கள். சென்ற ஆண்டுகளில் கண் பார்வை மங்கியதால் கடையை ஓர் இளைய பெண்மணியிடம் ஒப்படைத்தோம். அவர் கேட்டு வாங்கிய பொருள் இயந்திரங்கள் அல்ல, அந்த நோட்டு.

கூறைப்புடவை அம்மையாரை அதன்பின் இருமுறை கோயிலில் தொலைவிலிருந்து கண்டோம். அருகில் சென்று மன்னிப்புக் கேட்கத் துணிவு வரவில்லை. சொல்லை ஆள்வதைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள், சொல்ல வேண்டிய ஒரு சொல்லை இன்னும் சொல்லவில்லை. இவ்வுரை அச்சாகும் என்று மன்றத்தார் கூறினர். எவர் வழியாகவேனும் இது அவர் கைக்குச் சென்று சேருமானால், அன்று நாங்கள் செய்தது தவறு என்பதை இதன் வாயிலாக ஒப்புக்கொள்கிறோம். வாய்மொழியின் ஆற்றலை நம்பி அதனை இங்கே விட்டுச் செல்கிறோம்.

குளோங் தோமில் கிடைத்த அந்த உரைகல்லுக்கு மீண்டும் வருவோம். பெரும்பதன் எத்தனை பொன்னை உரைத்தார், எவ்வளவு பொருள் ஈட்டினார் என்பதை அக்கல் சொல்லவில்லை. அவர் பெயரை மட்டும் சொல்கிறது. பிறருடைய பொன்னைச் சோதித்த கல்லில் தம் பெயரைப் பொறித்தவர், ஒவ்வொரு நாளும் அப்பெயரும் அதே கல்லில் உரைக்கப்படுவதை அறிந்திருப்பார் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.